வலி தீர்த்த வேதியியலார் பெலிக்ஸ் ஹாப்மன்

முன்னுரை

உடல் வலி மனிதன் பிறந்த நாள் தொட்டு அவனோடு வருவது. அரசனுக்கும் ஆண்டிக்கும் பல்வலி ஒன்றுதான். அந்த வலியை ஓரிரு ரூபாய் விலையுள்ள ஒரு வெள்ளை மாத்திரையால் தணித்துக் கொள்ளலாம் என்ற நிலை உலகில் ஏற்பட்டு ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுதான் ஆகிறது. அந்த மாத்திரையின் பெயர் ஆஸ்பிரின். அதற்குப் பின் இபுபுரோபென், டைக்குளோபினாக், நிமிசுலைடு என்று எத்தனையோ வலி மாத்திரைகள் வந்துவிட்டன. இருப்பினும் அக்குடும்பத்திற்கு மூத்தது ஆஸ்பிரினே ஆகும்.

அதைத் தூய நிலையில் செய்து முடித்தவராகப் பெயர் பெற்றவர் ஜெர்மானிய வேதியியலார் பெலிக்ஸ் ஹாப்மன். நம் பாடநூல்களில் அவர் பெயர் ஒரு வரியில் வந்து மறைந்துவிடும். வேதியியல் மாணவன் என்ற முறையிலும், ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் மலையேறும் உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையிலும், அவ்வொரு வரிக்குப் பின்னால் உள்ள வரலாற்றை அறிய விரும்பினேன். அறிந்ததை நண்பர்களுடனும் பேராசிரியப் பெருமக்களுடனும் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரப்பட்டையில் பிறந்த மருந்து

ஆஸ்பிரின் கதை ஹாப்மனோடு தொடங்கியதன்று. வில்லோ என்னும் நீர்க்கரை மரத்தின் பட்டைக்கு வலி தணிக்கும் குணம் உண்டென்பதைப் பழங்காலத்தவர் அறிந்திருந்தனர். 1763ஆம் ஆண்டில் எட்வர்டு ஸ்டோன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் அப்பட்டையைக் காயவைத்துப் பொடி செய்து, குளிர்காய்ச்சல் கண்ட ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். கண்ட பயனை லண்டன் ராயல் கழகத்திற்கு எழுதியும் அனுப்பினார். 1828இல் மியூனிக் நகரத்துப் பியூக்னர் அப்பட்டையிலிருந்து சாலிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார். 1838இல் இத்தாலியரான பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். 1874இல் டிரெஸ்டன் நகருக்கு அருகே இவ்வமிலத்தைச் செயற்கை முறையில் பெருமளவில் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. 1876இல் ஸ்காட்லாந்து நாட்டு டண்டீ நகர மருத்துவர் மக்லகன், மூட்டுவாதக் காய்ச்சலுக்குச் சாலிசின் நல்ல பயன் தருவதைக் கண்டு வெளியிட்டார்.

இவ்விடத்தில் நம் வட்டாரத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெரியகுளத்திற்கு மேலே ஓங்கி நிற்கும் பழனி மலையிலும் நீலகிரியிலும் கோல்தேரியா என்ற குறுஞ்செடி வளர்கிறது. அதன் இலையை வடித்தெடுக்கும் விண்டர்கிரீன் தைலம் பெரும்பாலும் மீத்தைல் சாலிசிலேட்டே ஆகும். மூட்டுவலிக்கும் சுளுக்குக்கும் நாம் தேய்த்துக் கொள்ளும் பல தைலங்களில் மணப்பது இப்பொருள்தான். ஐரோப்பியர் வில்லோ பட்டையில் தேடிய பொருளின் உறவினன் நம் தலைக்கு மேலேயே இலையாய் வளர்ந்து கொண்டிருந்தது! ஆனால் தேய்க்கும் இத்தைலத்தை விழுங்கினால் அது நஞ்சு. ஒரு சிறு கரண்டித் தைலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடான சாலிசிலேட்டு இருக்கிறது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

சாலிசிலிக் அமிலம் வலியைத் தீர்த்ததே தவிர, நோயாளியை நிம்மதியாக விடவில்லை. வாயும் தொண்டையும் எரிந்தன. குமட்டல் எடுத்தது, வயிறு புண்பட்டது, காதில் இரைச்சல் கேட்டது. நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்க வேண்டியிருந்ததால் மருந்தைவிட நோயே மேல் என்று விட்டவர்களும் உண்டு. குணத்தை வைத்துக்கொண்டு குற்றத்தை நீக்குவது எப்படி என்பதே அக்கால வேதியியலார் முன் நின்ற வினா.

பிறப்பும் கல்வியும்

பெலிக்ஸ் ஹாப்மன் 1868ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் தென் ஜெர்மனியில் லுட்விக்ஸ்பர்க் என்னும் ஊரில் ஒரு தொழிலதிபரின் மகனாகப் பிறந்தார். இளமையில் மருந்துக் கடைகளில் உதவியாளராக வேலை பார்த்தார். மருந்தை அளந்து கொடுத்த கைகள், அம்மருந்து எதனால் ஆனது என்று அறியவும் விரும்பின போலும். மியூனிக் பல்கலைக்கழகத்தில் மருந்தியலும் வேதியியலும் பயின்று 1893இல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கு வேதியியல் துறையில் புகழோடு விளங்கிய அடால்ப் வான் பேயர் என்ற பேராசிரியர் அவர் திறமையை அறிந்து பரிந்துரைத்தார். அதன் பயனாக 1894இல் எல்பர்பெல்ட் நகரில் இருந்த பேயர் நிறுவனத்தில் ஹாப்மன் ஆய்வாளராகச் சேர்ந்தார். பேராசிரியர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் தமிழில் ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டும் வேறு வேறு.

பேயர் நிறுவனம் அக்காலத்தில் சாயத் தொழிற்சாலையாகவே பெயர் பெற்றிருந்தது. சாயம் செய்யும்போது மிஞ்சிய பொருளிலிருந்து பினாசெட்டின் என்ற காய்ச்சல் மருந்தைச் செய்து 1888இல் விற்கத் தொடங்கியதும் மருந்துத் தொழிலில் அதற்கு ஆசை பிறந்தது. அந்தப் பினாசெட்டின் நெடுநாள் உண்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிய வந்தது. பல நாடுகள் அதைக் கைவிட்டன.

இரண்டு வாரத்தில் இரண்டு மருந்துகள்

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஹாப்மன் தம் ஆய்வுக் குறிப்பேட்டில் ஒரு சோதனையைப் பதிவு செய்தார். சாலிசிலிக் அமிலத்தை அசிட்டிக் அன்ஹைட்ரைடுடன் சேர்த்துச் சூடேற்றித் தூய அசெட்டைல் சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். 1853இலேயே பிரெஞ்சு வேதியியலார் கெர்ஹார்டு இப்பொருளைத் தூய்மையற்ற நிலையில் செய்திருந்தார். தூயதாகவும் கெடாமல் நிற்பதாகவும் செய்ததே ஹாப்மனின் சிறப்பு.

நம் கல்லூரி ஆய்வுக் கூடத்தில் பட்ட வகுப்பு மாணவர்கள் செய்யும் சோதனையும் ஏறக்குறைய இதுவே. சில துளி கந்தக அமிலம் சேர்த்து நீர்த்தொட்டியில் சூடேற்றி, பனிக்கட்டி நீரில் ஊற்றினால் வெள்ளைப் படிகங்கள் விழும். பின்னர் ஒரு துளி பெர்ரிக் குளோரைடு விட்டுப் பார்க்கிறோம். ஊதா நிறம் தோன்றினால் சாலிசிலிக் அமிலம் மிஞ்சியிருக்கிறது. தோன்றாவிடில் மாத்திரைக்குரிய பொருள் தூயதாய்க் கிடைத்துவிட்டது. ஹாப்மனும் தாம் பெற்ற பொருள் இச்சோதனையில் நிறம் காட்டவில்லை என்பதையே சான்றாகக் கொண்டார். அச்சோதனையை நான் செய்தபோது, நூறாண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் இதே நிறமின்மையைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணி வியந்தேன்.

இனி வருவது இன்னும் வியப்புக்குரியது. இரண்டு வாரம் முடியுமுன், அதே மாதத்தில், அதே மனிதர், அதே அசெட்டைல் தொகுதியை மார்பின் என்ற அபினிப் பொருளோடு சேர்த்தார். கிடைத்தது டையசெட்டைல் மார்பின். லண்டனில் ரைட் என்பவர் 1874லேயே இதைச் செய்திருந்தார். நிறுவனம் இதற்கு ஹெராயின் என்று பெயரிட்டு 1898இல் இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நிறுவனத்தின் மருந்துச் சோதனைத் துறைத் தலைவர் டிரேசர், சாலிசிலிக் அமில வகை இதயத்தைத் தளர்த்தும் என்று கருதி ஆஸ்பிரினை முதலில் ஒதுக்கினார், ஹெராயினையோ வரவேற்றார். காலம் இத்தீர்ப்பைத் தலைகீழாகப் புரட்டியது. ஹெராயின் மக்களை அடிமைப்படுத்தும் கொடிய போதைப் பொருள் என்று தெரிந்து 1913இல் பேயர் நிறுவனமே அதன் உற்பத்தியை நிறுத்தியது. இதயத்திற்குக் கேடு என்று ஒதுக்கப்பட்ட ஆஸ்பிரினோ, மாரடைப்பு வந்தவரின் உயிரைக் காக்கும் மருந்தாக இன்று விளங்குகிறது. 1988இல் வெளியான ஓர் ஆய்வில் மாரடைப்பு ஐயத்துடன் வந்த 17,187 பேர் கலந்து கொண்டனர். நாள்தோறும் சிறிதளவு ஆஸ்பிரின் ஒரு மாதம் கொடுத்ததில், இதயம் மற்றும் இரத்தக்குழாய் நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

புகழ் யாருக்கு?

அசெட்டைல் என்பதன் முதல் எழுத்தையும், சாலிசிலிக் அமிலம் கிடைக்கும் ஸ்பைரியா என்ற செடியின் பெயரையும் சேர்த்து ஆஸ்பிரின் என்ற பெயர் அமைந்தது. 1899ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் அப்பெயர் பெர்லினில் பதிவாயிற்று. ஜெர்மனியில் இதற்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. 1900இல் அமெரிக்காவில் ஹாப்மன் பெயரில் கிடைத்தது. ஆய்வுக் கூடத்தை விட்டு மருந்து விற்பனைப் பகுதிக்குத் தலைவரான ஹாப்மன், 1928இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார்.

மூட்டுவாதத்தால் வாடிய தந்தை சாலிசிலிக் அமிலத்தை உண்ண முடியாமல் தவித்ததைக் கண்டே மகன் புதிய மருந்தைத் தேடினார் என்ற கதை எங்கும் வழங்குகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் அது முதன்முதலில் அச்சேறியது 1934இல், அதாவது கண்டுபிடிப்புக்கு 37 ஆண்டுகள் கழித்து.

அந்த ஆண்டு எது என்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டு கழிந்த காலம். பேயர் ஆய்வுக் கூடத்தில் ஹாப்மனோடு பணியாற்றியவர் ஆர்தர் ஐக்கன்கிரூன் என்ற யூதர். தமது வழிகாட்டுதலின்படியே ஹாப்மன் அச்சோதனையைச் செய்தார் என்றும், டிரேசர் ஒதுக்கிய மருந்தைத் தாமே உண்டு பார்த்து, மருத்துவர்களிடம் கொடுத்துச் சோதித்தவர் தாமே என்றும் அவர் பின்னாளில் எழுதினார். 1944இல், எழுபத்தாறு வயதில், தெரேசியன்ஸ்டாட் என்ற வதைமுகாமில் அடைக்கப்பட்டார். போர் முடிந்து உயிர் தப்பி வந்து, 1949இல் தம் கட்டுரையை வெளியிட்டு, அதே டிசம்பர் மாதத்தில் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து ஆய்வாளர் சுனீடர் பழைய குறிப்பேடுகளை ஆராய்ந்து, ஐக்கன்கிரூன் சொன்னதே பொருத்தமானது என்று எழுதினார். பேயர் நிறுவனம் அதை ஏற்கவில்லை.

சோதனையைக் கையால் செய்தவர் ஹாப்மன் என்பதில் ஐயமில்லை. எண்ணம் யாருடையது என்பதே வழக்கு. ஒரு மருந்தின் பிறப்பையே ஒரு பெயரில் அடக்க முடியவில்லை என்பதை நாம் உணர்தல் நன்று. ஹாப்மன் இவ்வழக்கில் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. திருமணம் செய்து கொள்ளாமல், ஓய்வுக்குப் பின் ஸ்விட்சர்லாந்தில் அமைதியாக வாழ்ந்து, 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் மறைந்தார்.

அவர் அறியாத பாதி

தாம் செய்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாமலே ஹாப்மன் மறைந்தார். அதை உலகிற்குச் சொன்னவர் லண்டனில் ஆராய்ந்த ஜான் வேன். 1971இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். 1982இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

நம் உடலில் அடிபட்ட இடத்திலும் வீங்கிய மூட்டிலும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் சுரக்கின்றன. வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் அவை மிகுவிக்கின்றன. அவற்றை உண்டாக்கும் நொதியை ஆஸ்பிரினும் அதன் உறவு மருந்துகளும் தடுக்கின்றன. வலி குறைகிறது. ஆனால் அதே பொருள்கள்தாம் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன. சிறுநீரகத்திற்கு இரத்தம் தடையின்றிச் செல்லவும் துணை செய்கின்றன. வலியைத் தடுக்கும் மருந்து இந்தக் காவலையும் தடுத்துவிடுகிறது. நன்மையும் தீமையும் ஒரே வாயில் வழியாக வருகின்றன என்று சொல்லலாம். மாத்திரையாக விழுங்கினாலும் ஊசியாகப் போட்டுக் கொண்டாலும் இரத்தத்தில் கலந்து இதே வேலையைச் செய்யும். சாப்பிட்டபின் உண்டால் எரிச்சல் குறையலாம்; ஆபத்து முற்றும் நீங்கிவிடாது. 1938இலேயே லண்டன் மருத்துவர்கள் குழாய்க் கருவி வழியே இரைப்பைக்குள் பார்த்து, ஆஸ்பிரின் அங்கே புண் செய்வதைக் கண்டிருந்தனர்.

பயன் பெரிதா, கேடு பெரிதா என்று கேட்கலாம். இரண்டும் மெய்யே. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வலிக்கு 400 மி.கி. இபுபுரோபென் ஒரு வேளை கொடுத்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேருக்கு வலி பாதியாவது குறைந்தது. வெற்று மாத்திரை உண்டவரில் 14 பேருக்கே குறைந்தது. இது பெரும் பயன். ஆனால் முதுகுவலிக்கு இவ்வகை மருந்துகள் தரும் பயன் சிறிதளவே என்று ஆய்வுகள் கூறுகின்றன. மேலும், டைக்குளோபினாக் அல்லது இபுபுரோபெனை மிகுந்த அளவில் ஓராண்டு தொடர்ந்து உண்ணும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ மூவருக்கு மாரடைப்பு போன்ற பெருங்கேடு கூடுதலாக வருகிறது என 2013இல் வெளியான பேராய்வு காட்டியது. வயிற்றைக் காக்கும் என்று புகழ்ந்து விற்கப்பட்ட ரோபிகாக்சிப் என்ற புதிய மருந்தை, இதயத்திற்குக் கேடு செய்வதறிந்து அதன் நிறுவனமே 2004இல் திரும்பப் பெற்றது.

இந்திய நாடு கண்ட பாடம் ஒன்றும் உண்டு. மாடுகளுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்குளோபினாக், இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வானில் கூட்டமாய்ப் பறந்த பிணந்தின்னிக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. 2004இல் காரணம் தெளிவாயிற்று; 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுக்க அரசு தடை விதித்தது. தமிழகத்தில் அப்பறவைகள் இன்று நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பகுதியில்தான் குறிப்பிடத்தக்க அளவில் எஞ்சியுள்ளன.

நம் பள்ளத்தாக்கில்

இவ்வளவும் ஜெர்மனி கதை, லண்டன் கதை என்று யாரும் ஒதுக்கிவிடலாகாது. விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து ஏலத்தோட்டத்திற்குப் போகும் தாய்மார்களைப் பாருங்கள். நாள் முழுதும் குனிந்து பழம் எடுப்பவர்கள் அவர்கள். திராட்சைப் பந்தலின் கீழ் அண்ணாந்து நின்று கவாத்துச் செய்பவருக்குக் கழுத்து வலி; பெரியாற்று நீர் பாயும் வயலில் நடவு நடுபவருக்கு இடுப்பு வலி. மாலையில் ஊர் திரும்பியதும் மருந்துக் கடையில் வலிக்கு ஒரு செட் வாங்கிக் கொள்வது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. உறையில்லாமல், பெயரில்லாமல், சிறு காகிதப் பொட்டலத்தில் மூன்று நான்கு நிற மாத்திரைகள். அவற்றில் இரண்டு ஒரே வகை வலி மருந்தாக இருந்தாலும் வாங்குபவருக்குத் தெரியாது.

என் பெரியம்மா முழங்கால் வலிக்காக இரண்டு ஆண்டுகள் இப்படிச் செட் வாங்கி உண்டவர். காலையில் வெறும் வயிற்றில் கடுங்காப்பியுடன் அதைப் போட்டுக்கொண்டு ஜீப் ஏறுவார். ஒரு நாள் மலம் தாரைப் போல் கறுத்துப் போயிற்று, மயங்கி விழுந்தார். வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிவதாக மருத்துவர்கள் கூறி, இரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அவர் உண்ட மாத்திரையின் பெயரென்ன என்று மருத்துவர் கேட்டபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வலி தாங்காமல்தான் அவர் அதை உண்டார். உண்ணாவிட்டால் மறுநாள் கூலி இல்லை. ஆகவே வலி மருந்தே வேண்டாம் என்று உழைப்பாளருக்கு உபதேசம் செய்வது எளிது, பயனற்றது. எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்று அறிந்து உண்ணச் செய்வதே தேவை.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நண்பர்கள் சில செய்திகளைக் கிராமத்தில் எடுத்துரைக்கலாம். மாத்திரையைப் பெயர் அச்சிட்ட அட்டையோடு வாங்க வேண்டும். இவ்வகை மருந்துகள் இரண்டை ஒரே வேளையில் சேர்த்து உண்ணலாகாது. சில நாட்களில் வலி தீராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் தாமே தொடரக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கருவுற்ற தாய்மார்களும், முதியோரும் கேளாமல் உண்ணவே கூடாது. ஆனால் இதயத்திற்காக மருத்துவர் எழுதிய சிறு ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் கூடாது. காய்ச்சல் கண்ட சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. ரே நோய் என்ற கொடிய மூளைக் கோளாறுக்கு அது வழி செய்யலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமிசுலைடு கொடுப்பதை 2011இல் இந்திய அரசு தடை செய்தது. டெங்கு என்ற ஐயம் இருக்கும் காய்ச்சலில் ஆஸ்பிரினும் இபுபுரோபெனும் இரத்தக் கசிவை மிகுவிக்கும். அங்கே அளவறிந்து கொடுக்கும் பாரசிட்டமாலே ஏற்றது. மலம் கறுத்தால், வாந்தியில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

முடிவுரை

ஒரே மாதத்தில் ஹாப்மன் செய்த இரு பொருள்களில் ஒன்று நோயாளியின் துணைவனாயிற்று. மற்றொன்று உலகின் பகையாயிற்று. செய்த நாளில் இரண்டும் வெள்ளைப் பொடிகளே. எது எப்படி ஆகும் என்பதைச் செய்தவரும் அறியவில்லை; சோதித்த தலைவரும் அறியவில்லை. மருந்தைச் செய்ய ஒரு பகல் போதும். அதை முழுதும் அறிய மூன்று தலைமுறை தேவைப்பட்டது. அந்த அறிவு நூலகத்தில் இருக்கிறது. பேராசிரியர்கள் கையில் இருக்கிறது. மாலையில் ஜீப்பை விட்டு இறங்கி மருந்துக் கடை முன் நிற்கும் தாயின் கையில் அது இன்னும் போய்ச் சேரவில்லை. வேதியியல் பயிலும் நாம் அதைக் கொண்டு சேர்ப்போமானால், பெலிக்ஸ் ஹாப்மன் தொடங்கிவைத்த பணியில் நமக்கும் ஒரு சிறு பங்கு கிட்டும்.